பார்சல் கட்டணம் சொல்லும் பட்டியல்

மலை கடந்தும் கடல் கடந்தும் மனிதரை மனிதரோடு இணைத்து வைக்கும் பெருமை தபாலுக்கு உண்டு. முன்னாளில் தபால்காரரின் பையை நிறைத்தவை கடிதங்கள். இந்நாளில் கடிதம் குறைந்து பார்சல் பெருகிவிட்டது. 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும், தேரிக்காட்டுக் கருப்பட்டியும், பனையோலைப் பெட்டியும், சங்கரன்கோவில் சேலையும் கைப்பேசியில் வந்த ஒரு செய்தியை நம்பி வடநாட்டுக்கும் புறப்பட்டு விடுகின்றன. இவற்றை அனுப்புவோர் பெரிய வணிகர் மட்டும் அல்லர். சுயஉதவிக் குழுப் பெண்களும், அடுப்படி வேலை முடிந்தபின் தொழில் பார்க்கும் தாய்மாரும் இவர்களுள் உண்டு.

இவர்கள் எல்லோரும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று. "எங்கள் ஊருக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்?" என்று வாங்குபவர் கேட்கிறார். பதில் உடனே வேண்டும். பார்சலைக் கட்டித் தபால் ஆபீசுக்குக் கொண்டு போய்த் தராசில் வைத்த பிறகுதான் தெரியும் என்றால் வாங்குபவர் காத்திருக்கமாட்டார். குத்துமதிப்பாகச் சொன்னாலோ ஆபத்து. ஒரு பெட்டியில் 40 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் செலவை 45 ரூபாய் குறைத்துச் சொல்லிவிட்டால், உழைத்த உழைப்பு முழுவதும் போய், கையிலிருந்தும் 5 ரூபாய் போகிறது. கூட்டிச் சொன்னால், வாங்க வந்தவர் போய்விடுகிறார். அல்லது அறியாமல் கூடுதலாகக் கொடுத்து ஏமாறுகிறார். இரண்டும் நல்லதல்ல.

இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கணிப்பொறியில் என்ன வழி உண்டு, அதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கத்தான் வேண்டுமா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கட்டணம் வளர்ந்த கதை

தபால் கட்டணம் எப்போதும் இன்றுபோல் இருந்ததில்லை. இங்கிலாந்தில் 1840-க்கு முன் கடிதத்தின் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே பணம் கொடுத்தார். ரோலண்டு ஹில் என்பவர் கணக்குகளை ஆராய்ந்து, ஒரு கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு மிகச் சிறிது என்றும், ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியே கட்டணம் குறித்து, கணக்கெழுதி, வசூலிப்பதில்தான் செலவு மிகுதி என்றும் காட்டினார். அதன் பயனாக 1840-இல் நாடு முழுவதற்கும் ஒரு பென்னி என்ற ஒரே கட்டணம் வந்தது. இந்தியாவில் 1854-இல் கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரையணா என்று, தூரம் எதுவாயினும் ஒரே கட்டணம் ஏற்பட்டது.

கடிதத்துக்குப் பொருந்திய இந்த நியாயம் பார்சலுக்கு முழுவதும் பொருந்தாது. கடிதம் பையில் ஒரு மூலையில் கிடக்கும். பார்சலோ வண்டியில் இடம் பிடிக்கும். எடை ஏற ஏறச் சுமக்கும் செலவும் ஏறும். எனவே எடை, தூரம் என்ற இரண்டும் கட்டணத்துக்குள் வந்துவிடுகின்றன.

1986 ஆகஸ்டு 1-இல் தொடங்கிய ஸ்பீடு போஸ்டின் கட்டணத்தைப் பார்த்தால் இரண்டு நியாயங்களும் ஒன்றாக நிற்பது தெரியும். 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், ஆவணங்களை அனுப்புவதற்கான கட்டணம், வரி நீங்கலாக, ரூபாயில் இவ்வாறு உள்ளது:

50 கிராம் வரை: உள்ளூருக்கு 19, மற்ற எந்தத் தூரத்துக்கும் 47.

51 முதல் 250 கிராம் வரை: உள்ளூருக்கு 24, 200 கிலோமீட்டர் வரை 59, 201 முதல் 500 வரை 63, 501 முதல் 1000 வரை 68, 1001 முதல் 2000 வரை 72, அதற்கு மேல் 77.

251 முதல் 500 கிராம் வரை: அதே வரிசையில் 28, 70, 75, 82, 86, 93.

இலேசான கடிதம் மதுரைக்குப் போனாலும் டெல்லிக்குப் போனாலும் 47 ரூபாய்தான். 300 கிராம் எடையானால் மதுரைக்கு 70, டெல்லிக்கு 93. இதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும். டெல்லிக்கான 93 ரூபாயில் வரி 16 ரூபாய் 74 காசு. கூடுதல் 109 ரூபாய் 74 காசு. பார்சலுக்கும் கூரியர் நிறுவனங்களுக்கும் தனித்தனிக் கட்டணப் பட்டியல்கள் உண்டு. எண்கள் வேறாயினும் அமைப்பு இதுவே. ஒரு பக்கம் எடை, ஒரு பக்கம் தூரம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் கட்டணம். வாய்பாடு படித்த எவரும் படிக்கக்கூடிய பட்டியல்தான் இது.

ஆறு இலக்கங்கள்

எடையைத் தராசு சொல்லும். தூரத்தை யார் சொல்வது? இங்கேதான் பின்கோடு நமக்குத் துணை வருகிறது. ஒரே பெயருடைய ஊர்கள் பல இருப்பதாலும், முகவரிகள் பல மொழிகளில் எழுதப்படுவதாலும் ஏற்பட்ட குழப்பத்தை நீக்க, தபால் துறையில் உயர் பதவியில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் அவர்களின் முயற்சியால் 1972 ஆகஸ்டு 15-இல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களில் முதலாவது மண்டலத்தைக் குறிக்கும். 6 என்றால் தமிழகம், கேரளம், புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியன. முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். எங்கள் திருவேங்கடத்தின் எண் 627719. தென்காசி 627811, குற்றாலம் 627802, சங்கரன்கோவில் 627756.

இந்த எண்களையெல்லாம் நாமே தேடித் தொகுக்க வேண்டியதில்லை. இந்திய அரசு 2012-இல் தொடங்கிய திறந்த தரவுத் தளத்தில், நாட்டிலுள்ள ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களின் பெயர், பின்கோடு, மாவட்டம், மாநிலம் ஆகியவை அடங்கிய பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. ஒழுங்காக வரிசையும் பத்தியும் பிரித்து, கேட்டதை எடுத்துக் கொடுக்கும்படி சேமித்து வைத்த இத்தகைய விவரத் தொகுப்பையே தரவுத்தளம் என்கிறோம். நூலகத்தில் நூற்பட்டியல் அட்டைகள் செய்யும் வேலையை இது கணிப்பொறிக்குள் செய்கிறது.

மூன்று எண்கள் கூடும் இடம்

பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டே கட்டணம் வகுத்துவிடலாமே என்று தோன்றும். "627 என்று தொடங்கினால் பக்கத்து ஊர், மற்றதெல்லாம் தொலைவு" என்று எழுதுவது எளிது. ஆனால் எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். திருவேங்கடம் தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் உள்ளது. இங்கிருந்து கோவில்பட்டி அருகில். அதன் எண் 628501. சிவகாசியும் அருகில், அதன் எண் 626123. மாவட்டத் தலைநகரான தென்காசியோ இவ்விரண்டையும்விடத் தொலைவில் இருக்கிறது. ஆனால் அதன் எண்தான் எங்களைப்போல் 627 என்று தொடங்குகிறது! அந்த விதிப்படி கணக்கிட்டால் பக்கத்திலுள்ள கோவில்பட்டிக்குக் கூடுதல் கட்டணமும், தூரத்திலுள்ள தென்காசிக்குக் குறைந்த கட்டணமும் வரும்.

மாநிலத்தை வைத்துப் பிரித்தாலும் இதே தொல்லைதான். செங்கோட்டையின் எண் 627809. மலையைத் தாண்டினால் வரும் புனலூரின் எண் 691305, அது கேரளம். செங்கோட்டையிலிருந்து அனுப்புபவருக்குச் சென்னையைவிடப் புனலூர் எவ்வளவோ பக்கம். "வெளி மாநிலம் என்றால் கூடுதல்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய பட்டியல் இதை அறியாது.

மாவட்டத்தின் பெயரையும் முழுதும் நம்ப முடியாது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எங்கள் பின்கோடு மாறவில்லை. மாவட்டத்தின் பெயர் மாறியது. பழைய பட்டியலை வைத்திருப்பவர் எங்களை இன்னும் திருநெல்வேலியிலேயே தேடுவார். ஆகவே பின்கோட்டை முழுதாக ஆறு இலக்கமாகவே வைத்துக்கொண்டு, எந்தெந்த எண் எந்தத் தூரப் பிரிவில் சேரும் என்பதைத் தனியே எழுதி வைப்பதே முறை. அரசுத் தொகுப்பில் பல அஞ்சலகங்களுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் தரப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு இரு ஊர்களுக்கு இடையேயுள்ள நேர்க்கோட்டுத் தூரத்தைக் கணிப்பொறியே கணித்துவிடும். சாலைத் தூரம் அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதை மட்டும் மறத்தலாகாது. பிரிவின் எல்லையில் நிற்கும் ஊர்களுக்குத் தபால் துறையின் கட்டணக் கணிப்பானில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று பட்டியல்கள் போதும்

இனி அமைப்பைப் பார்ப்போம். தேவைப்படுபவை மூன்றே பட்டியல்கள். முதலாவது, பின்கோடும் ஊரும். இரண்டாவது, பின்கோடும் அது சேரும் தூரப் பிரிவும். மூன்றாவது, தூரப் பிரிவு, எடை, கட்டணம், அக்கட்டணம் நடைமுறைக்கு வந்த தேதி.

வாங்குபவர் பின்கோட்டைச் சொல்கிறார். கணிப்பொறி முதற்பட்டியலைப் பார்த்து அப்படி ஓர் எண் உண்டா என்று சோதிக்கிறது. பிறகு இரண்டாம் பட்டியலில் தூரப் பிரிவைக் கண்டுபிடிக்கிறது. பிறகு மூன்றாம் பட்டியலில் அப்பிரிவும் எடையும் சந்திக்கும் கட்டத்தை எடுத்து, வரியைக் கூட்டிச் சொல்லுகிறது. இவ்வளவுதான். இதில் வாங்குபவரின் பெயரோ தெருவோ தேவையே இல்லை என்பதைக் கவனிக்க. கட்டணம் அறியப் பின்கோடும் எடையும் போதும். தேவையற்ற விவரத்தைக் கேட்காதிருப்பதும் ஒரு நாகரிகம்.

எடையைப் பற்றி மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, கட்டும் பொருளின் எடை. 480 கிராம் பொருளை 40 கிராம் அட்டைப் பெட்டியில் வைத்தால் 520 கிராம். பட்டியலில் அடுத்த வரிக்குப் போய்விடும். இரண்டாவது, எல்லைக்கோட்டில் நிற்கும் எடை. பட்டியல் 50 கிராம் வரை ஒரு வரி, 51 முதல் அடுத்த வரி என்று இருக்கும்போது, 50.4 கிராம் எங்கே போகும்? கணிப்பொறி தானாகச் சிந்திக்காது. கீழ் வரியின் குறைந்த கட்டணத்தை எடுத்துச் சொல்லிவிடக்கூடும். எனவே எடையை முதலில் முழுக் கிராமுக்கு ஏற்றிவிட்டு, பிறகு தேடச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் பலரைத் திகைக்க வைப்பது. பஞ்சு மூட்டை இலேசானது. ஆனால் வண்டியை அடைத்துக்கொள்ளும். ஆகவே பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கின்றன. இது கன அளவு எடை. உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரமுள்ள பெட்டியில் பனையோலைக் கூடைகளை அடுக்கினால், தராசில் 2 கிலோ இருக்கலாம். கணக்கிலோ 24,000-ஐ 5000-ஆல் வகுக்க 4.8 கிலோ! அதே பெட்டி நிறையக் கடலைமிட்டாய் என்றால் உண்மை எடையே மிஞ்சிவிடும். கூடை பின்னும் பெண்கள் இதை அறிந்திருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சிறு பெட்டியில் அனுப்பி மிச்சம் பிடிக்கலாம்.

இன்னொன்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தின் பெயர்பெற்ற பொருள்கள் தீப்பெட்டியும் பட்டாசும். தீப்பற்றும் பொருளையும் வெடிபொருளையும் தபாலில் அனுப்பலாகாது. எனவே அனுப்பக்கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்றும் இருந்து, அவற்றுக்குக் கட்டணம் சொல்லாமல் "அனுப்ப இயலாது" என்று சொல்லும்படி அமைக்க வேண்டும். இது பணத்தைக் காப்பதற்கல்ல; உயிரைக் காப்பதற்கு.

இலவசமும் சுதந்திரமும்

இவற்றையெல்லாம் செய்ய மென்பொருளுக்கு எங்கே போவது? இங்கே "கட்டற்ற மென்பொருள்" என்ற இயக்கத்தைப் பற்றி அறிந்துகொள்வது நன்று. அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் தொடங்கியது இது. விலையில்லாமல் கிடைப்பது மட்டும் இதன் நோக்கமன்று. மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம். உள்ளே திறந்து பார்த்து மாற்றலாம். பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகள் இதன் உயிர். ஒருவர் சமைத்த குழம்பை ருசிக்க மட்டும் விடுவது ஒரு வகை. செய்முறையையும் சொல்லி, "உப்பு உன் விருப்பம்" என்று விடுவது இந்த வகை.

தொடங்குவோருக்கு லிப்ரே ஆபீஸ் ஏற்றது. 2010-இல் இப்பெயருடன் வெளிவந்த இது தமிழ் முகப்பிலும் கிடைக்கிறது. இதன் விரிதாளில் ஒரு பட்டியலைப் பார்த்து உரிய வரியை எடுக்கும் சூத்திரம் உண்டு. முன் சொன்ன மூன்று பட்டியல்களையும் மூன்று தாள்களில் எழுதி அச்சூத்திரத்தால் இணைத்துவிட்டால், பின்கோடும் எடையும் இட்டவுடன் கட்டணம் வந்து நிற்கும். பட்டியல் பெரிதானால் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் உண்டு. ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000-இல் உருவாக்கி உலகத்துக்கே உரிமையாக்கிவிட்ட இது, ஆண்டிராய்டு, ஐபோன் இரண்டிலும் உள்ளிருந்து வேலை செய்கிறது. நம் வீட்டுக் கைப்பேசிக்குள் இருப்பதை நாம் அறியாமலே பயன்படுத்தி வருகிறோம்!

இணையத்தில் கடை வைப்போருக்கு ஊகாமர்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. இதில் அனுப்பும் இடங்களை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பின்கோடுகளை எழுதலாம். 627 என்று எழுதி நட்சத்திரக் குறி இட்டால் 627-இல் தொடங்கும் எல்லா எண்களும் அடங்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மென்பொருள் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் மண்டலத்தோடு நின்றுவிடும். "தமிழ்நாடு முழுவதும்" என்பதை மேலே எழுதி, "பக்கத்து ஊர்கள்" என்பதைக் கீழே எழுதினால், பக்கத்து ஊர்க்காரருக்கும் மாநிலக் கட்டணமே வரும். சிறியதை மேலேயும் பெரியதைக் கீழேயும் எழுத வேண்டும். மும்பையில் உருவான ஈஆர்பி நெக்ஸ்ட் என்ற இந்தியக் கட்டற்ற மென்பொருளிலும், விற்பனைத் தொகையையோ எடையையோ வைத்து அனுப்பும் செலவை வகுக்கும் வசதி இருக்கிறது.

வாய்மையே அடிப்படை

மென்பொருள் எவ்வளவு சிறந்ததானாலும் பட்டியல் பழையதானால் விடை பொய்யாகும். 2012 அக்டோபரில் வந்த ஸ்பீடு போஸ்டு கட்டணத்தில் 50 கிராம் ஆவணத்துக்கு வெளியூருக்கு 35 ரூபாய். 2025 அக்டோபரில் அது 47 ஆயிற்று. பழைய எண்ணை மாற்றாதவருக்கு ஒவ்வொரு தபாலிலும் 12 ரூபாய் இழப்பு; நூறு தபாலுக்கு 1,200 ரூபாய். அதே மாற்றத்தில் மாணவர்களுக்கு 10 விழுக்காடு தள்ளுபடியும் வந்தது. அதை அறியாதவர் அதையும் இழப்பார். ஆகவே கட்டணத்தோடு தேதியையும் எழுத வேண்டும் என்றோம். பழைய வரியை அழிக்காமல், புதிய வரியைப் புதிய தேதியோடு கீழே சேர்த்தால், பழைய ரசீதைப் பற்றி எவர் கேட்டாலும் கணக்குக் காட்டலாம்.

கட்டற்ற மென்பொருளின் உண்மையான பயன் இங்கேதான் விளங்குகிறது. மூடிய பெட்டியிலிருந்து ஒரு தொகை வந்தால், அது ஏன் அப்படி வந்தது என்று கேட்க முடியாது. திறந்த பட்டியலிலும் திறந்த சூத்திரத்திலும் ஒவ்வொரு படியையும் விரல் வைத்துக் காட்டலாம். விற்பவரும் பார்க்கலாம், வாங்குபவரும் பார்க்கலாம். கள்ளத் தராசுக்கு அங்கே இடமில்லை.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் அமர்ந்து செலவைக் கணிக்க வேண்டும் என்ற உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்டிருக்கிறோம். பார்சல் கட்டுபவருக்கும் அது பொருந்தும் அன்றோ? தோழியரே, நம் வீட்டிலோ தெருவிலோ மிட்டாயும் ஊறுகாயும் கூடையும் செய்து விற்கும் அக்காமாரும் அத்தைமாரும் இருப்பார்கள். பெருக்கலும் வகுத்தலும் விழுக்காடும் நாம் கற்றுவிட்டோம். கணிப்பொறி அறையில் விரிதாளும் பழகியிருக்கிறோம். அவர்கள் அடிக்கடி அனுப்பும் பத்து ஊர்களின் பின்கோட்டையும், இரண்டு மூன்று பெட்டிகளின் அளவையும், இன்றைய கட்டணத்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வேலை. கற்ற கல்வி அடுத்த வீட்டு அடுப்புக்கும் உதவட்டும். அதற்கு இன்றே முயல்வோமாக!